மழையை அளந்து பணம் தரும் நெற்காப்புறுதி: கண்டாவளையிலிருந்து ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளைப் பிரிவில், கனகராயன் ஆற்றுக்கு அண்மையில், மூன்று ஏக்கர் வயல் செய்து வருகிறேன். இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீர் எட்டாத மானாவாரி நிலம் அது. 2010இல் மீள்குடியேறியபோது பற்றை மண்டிக் கிடந்த அந்த நிலத்தை மனைவியும் நானும் வெட்டித் துப்புரவாக்கி, வரம்பு கட்டி, மீண்டும் வயலாக்கினோம். பாடசாலையில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இந்தக் காப்புறுதி முழுவதும் ஓர் எண் அட்டவணையின் மேல் நிற்பது, அந்த அட்டவணையை வாசிக்கத் தெரியாத அயலவர்கள் பலர் பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் மதிப்பிடுவது மழைவீழ்ச்சிச் சுட்டெண் அடிப்படையிலான நெற்காப்புறுதியை. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் நிறுவனத்திடம் 2016 செப்டெம்பரில் முதன்முதலாக வாங்கினேன். இடையில் ஒரு போகத்தை விட்டு, இதுவரை ஒன்பது காலபோகங்களுக்கு, அதாவது மாரி மழையை நம்பிச் செய்யும் பெரும்போகங்களுக்கு, கட்டுப்பணம் செலுத்தியிருக்கிறேன். முதல் ஆண்டில் ஏக்கருக்கு 1,900 ரூபா கட்டினால் 25,000 ரூபாவுக்குக் காப்பு. 2025 செப்டெம்பரில் 6,800 ரூபா கட்டினால் 60,000 ரூபாவுக்குக் காப்பு. அதாவது நூற்றுக்கு ஏழரையாக இருந்த விலை நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றம் ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பழைய முறைப் பயிர்க் காப்புறுதியில், பயிர் அழிந்தால் நாங்கள் அறிவிக்க வேண்டும், அதிகாரி ஒருவர் வயலுக்கு வந்து பார்க்க வேண்டும், அழிவு எத்தனை வீதம் என்று அவர் எழுத வேண்டும். வெள்ளத்துக்குப் பின் ஒரே கிழமையில் ஆயிரக்கணக்கான வயல்களைப் பார்க்க எந்த அதிகாரியாலும் இயலாது. அவர் வந்து சேரும்போது நீர் வடிந்து, எஞ்சிய பயிரும் மாட்டுக்குப் போயிருக்கும். சுட்டெண் காப்புறுதியில் வயலைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட ஒரு மழைமானி நிலையத்தில் பதிவாகும் மில்லிமீற்றர் அளவு மட்டுமே கணக்கு. விதைப்பும் முளைப்பும் ஒரு காலம், பயிர் வளர்ந்து மட்டம் வெடிக்கும், அதாவது பக்கத்தாள்கள் விடும் நாற்பது நாட்கள் இன்னொரு காலம், கதிர் தாளுக்குள் உருவாகும் குடலைப் பருவத்திலிருந்து அறுவடை வரை மூன்றாவது காலம் என்று போகத்தைப் பிரித்து, முதல் இரண்டு காலங்களிலும் மழை ஒரு குறித்த அளவுக்குக் குறைந்தாலும், மூன்றாவது காலத்தில் ஒரு குறித்த அளவுக்கு மிஞ்சினாலும் பணம் தருகிறார்கள். கோரிக்கைப் படிவம் இல்லை, கிராம அலுவலரின் கடிதம் இல்லை, அலைச்சல் இல்லை.

முதல் போகத்திலேயே அதன் நன்மையைக் கண்டேன். 2016 இறுதியில் தொடங்கிய வறட்சி, பல பத்தாண்டுகளில் நாடு கண்ட மிகக் கொடிய வறட்சிகளுள் ஒன்று. கார்த்திகையில் முளைத்த பயிர் மார்கழியில் ஓலை சுருண்டு, காலையிலும் விரியாமல் நின்றது. வரம்பில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. 2017 பெப்ரவரியில் ஒரு நாள் நண்பகல் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் கணக்கில் 51,000 ரூபா வைப்பிலிடப்பட்டுள்ளது. நான் யாரிடமும் எதையும் கேட்டிருக்கவில்லை. வங்கிக்குப் போய்ப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்த பின்னர்தான் நம்பினேன். விதைப்புச் செலவுக்காக அடகு வைத்த மனைவியின் தங்கக் காப்புகளை அந்தப் பணத்தில் மீட்டோம். அறுவடையே இல்லாத ஒரு ஆண்டில், அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கக் கடன்படாமல் நின்ற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்த நன்றியை மறக்காமல்தான் மீதியை எழுதுகிறேன்.

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு நிலைமை தலைகீழானது. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் அந்த இரவு கொட்டிய மழையில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. எங்கள் வயலுக்கு வெள்ளம் வானத்திலிருந்து வந்ததைவிட ஆற்றிலிருந்து வந்ததே அதிகம். விடியும்போது வரம்பு எது, வயல் எது என்று தெரியாமல் ஒரே நீர்ப்பரப்பு. பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. நான்கு நாட்களின் பின் நீர் வடிந்தபோது, சேறு பூசிய தாள்கள் ஒரு பக்கமாகப் படுத்திருந்தன. ஒரு தாளைப் பிடித்து மெல்ல இழுத்தேன், அடி கறுத்து, அழுகல் மணத்துடன், வேரை விட்டுக் கையோடு வந்தது. உள்ளே இருந்த இளங்கதிர் இன்னும் வெள்ளையாக இருந்தது.

இம்முறையும் குறுஞ்செய்தி வரும் என்று பெப்ரவரி வரை காத்திருந்தேன். வராததால் கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகவே பேசினார். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்துவிட்டு, "சேர், வெள்ளம் எண்டு இதில எங்கயும் இல்லை, மழை எண்டுதான் இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மை. எங்கள் ஒப்பந்தத்திற்குரிய மழைமானி என் வயலிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல் தொலைவில், ஆற்றோடு தொடர்பில்லாத திசையில் இருக்கிறது. அங்கே அந்த நாட்களில் பதிவான அளவு ஒப்பந்த எல்லையைத் தொடவில்லை. கனகராயன் ஆற்றின் நீரேந்து பகுதி தெற்கே வவுனியாப் பக்கம் வரை நீள்கிறது. அங்கே பெய்கிற மழைதான் இரணைமடுவை நிரப்பிக் கண்டாவளையில் பயிரை அழிக்கிறது. ஆற்றோரத்து வயல்காரனுக்குத் தன் தலைக்கு மேல் பெய்யும் மழையைவிட மேலே காட்டுக்குள் பெய்யும் மழைதான் ஆபத்து என்பது எங்கள் பக்கத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அதைக் கேட்டறியவில்லை. அந்தக் கோபத்தில்தான் 2019இல் புதுப்பிக்காமல் விட்டேன்.

மறுபடி சேர்ந்த பின் வந்த ஒரு காலபோகத்தில் நடந்தது, நான் இதை எழுதுவதற்கு முக்கிய காரணம். மாதம் மும்மாரி பெய்ய வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு மழை என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. எத்தனை தரம், எந்த இடைவெளியில் என்றும் சேர்த்தே சொன்னார்கள். இரண்டாம் காலத்தின் நாற்பது நாட்களில் 180 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பணம் என்பது என் ஒப்பந்தம். அந்தப் போகத்தில் முதல் இருபத்தாறு நாட்களும் நிலம் நனையவேயில்லை. பயிர் மட்டம் வெடிக்க வேண்டிய நேரத்தில் வாடி, வெளிறி, ஒற்றைத் தாளாக நின்றது. அதன் பின் இரண்டே இரவுகளில் 160 மில்லிமீற்றர் கொட்டியது. நின்ற பசளையையும் கழுவிக்கொண்டு போனது. எஞ்சிய நாட்களின் தூறல்களோடு மொத்தம் 190. அட்டவணைப்படி அது குறைவில்லாத மழை. எனக்குக் கிடைத்ததோ, வழமையாக ஏக்கருக்கு 25 மூடை எடுக்கும் நிலத்தில் 12 மூடை. ஒரு மாதத்து மூன்று மழையும் ஒரே முறையில் வந்தால் அது மும்மாரி ஆகாது என்று அந்த அட்டவணைக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

இது தற்செயலாக நடந்த ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகவியலின் அடிப்படை விதி. நீராவி கூடுதலாகச் சேர்ந்து ஒரேயடியாகக் கொட்டுவதும், கொட்டல்களுக்கு இடையே நிலம் விரைவாகக் காய்வதும் அதிலிருந்தே பிறக்கின்றன. 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் உயர்ந்திருந்தது. முழு ஆண்டொன்று அந்த அளவைத் தாண்டியது அதுவே முதல் முறை. ஆனால் காப்புறுதி அட்டவணையோ கடந்த பத்தாண்டுகளின் மழைப் பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, இனியும் அப்படியே பெய்யும் என்ற நம்பிக்கையில் எல்லைகளை வகுக்கிறது. போதாக்குறைக்கு, வடக்கின் மழை நிலையங்கள் பலவற்றில் போர்க்காலத்துப் பதிவுகள் விடுபட்டிருக்கின்றன. இருக்கிற எண்கள் குறைவாக இருந்தால் காப்புறுதிக் கணக்காளர் தன் பாதுகாப்புக்காக விலையைக் கூட்டிப் போடுவார். இடம்பெயர்ந்து நாங்கள் இல்லாதிருந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து இன்று நாங்களே விலை கொடுக்கிறோம் என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றும்.

இனி, விலை ஏன் ஏறியது என்பது. காப்புறுதியை நான் அயலவர்களுக்குச் சீட்டை வைத்து விளக்குவேன். இருபது பேர் சீட்டுப் பிடித்தால், ஒருவருக்கு இந்த மாதம் தேவை, இன்னொருவருக்கு அடுத்த மாதம். அதனால்தான் சீட்டு ஓடுகிறது. இருபது பேருக்கும் ஒரே மாதத்தில் தேவை வந்தால் சீட்டுத் தலைவரின் கதி என்ன? கடை ஒன்று தீப்பிடித்தால் ஒரு கடைதான் எரியும். வறட்சி வந்தால் துணுக்காயிலிருந்து கண்டாவளை வரை எல்லா மானாவாரி வயலும் ஒன்றாகக் கருகும். ஆகவே நெல்லுக்குக் காப்புறுதி கொடுக்கும் நிறுவனம், தான் ஏற்ற சுமையின் பெரும்பகுதியை வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர்களுக்குக் கட்டணம் செலுத்துகிறது. நாம் கட்டும் 6,800 ரூபாவில் ஒரு பங்கு கடல் கடந்து போகிறது.

அந்த மீள்காப்புறுதிச் சந்தையில் நடப்பது எங்கள் வரம்பு வரை வந்து சேர்கிறது. 1992இல் அன்ட்ரூ சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது 15 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட காப்புறுதி இழப்பு ஏற்பட்டு, பல நிறுவனங்கள் வங்குரோத்தாயின. உலகின் மிகப் பெரிய மீள்காப்புறுதி நிறுவனங்களுள் ஒன்றான மியூனிச் ரீ, வளிமண்டலம் சூடேறுவது வெள்ள இழப்புகளைப் பெருக்கலாம் என்று 1973இலேயே எழுதிவைத்தது. பணத்தை இழக்கப்போகிறவர் முதலில் விழித்துக்கொள்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இன்னொரு மீள்காப்புறுதி நிறுவனமான சுவிஸ் ரீயின் கணக்குப்படி, இயற்கைப் பேரழிவுகளால் 2024இல் மட்டும் காப்புறுதி நிறுவனங்கள் தாங்கிய இழப்பு 137 பில்லியன் டொலர். ஆண்டொன்றுக்கு 100 பில்லியனுக்கு மேல் என்பது இப்போது வழமையாகிவிட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம், காட்டுத்தீ ஆபத்தையும் மீள்காப்புறுதிச் செலவையும் காரணங்களாகக் காட்டி, 2023 மே மாதத்தில் கலிபோர்னியாவில் புதிய வீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. பணக்கார நாட்டு வீட்டுக்காரருக்கே கதவு மூடப்படும்போது, மீள்காப்புறுதியை டொலரில் வாங்க வேண்டிய நம் நாட்டில், 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின், ஏக்கருக்கான கட்டணம் ஏறியதில் வியப்பில்லை. எனக்குள்ள மனத்தாங்கல் விலையைப் பற்றியதன்று. விலையை ஏற்றும்போது மாறும் காலநிலையைக் கணக்கில் எடுக்கிறார்கள், பணம் கொடுக்கும் எல்லையை வகுக்கும்போது மட்டும் பழைய காலநிலையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதே என் முறைப்பாடு.

அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் அந்தத் திட்டம் நெல் உட்பட ஆறு பயிர்களுக்கு, ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா என்ற அளவில் தொடங்கியது. வெள்ளம், வறட்சி ஆகியவற்றோடு காட்டுயானை அழிவும் அதில் அடங்கும். எங்கள் பக்கத்தில் இது சிறிய விடயமன்று. யானை ஒரே இரவில் செய்வதை எந்த மழைமானியும் அளக்காது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவற்றின் வரிக்குப் பிந்திய இலாபத்தில் 1 வீதத்தைப் பயிர்க் காப்புறுதிக்கென அறவிடும் சட்டம் 2013இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே அந்த உதவியை யாரும் தானமாக நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை; கமநல சேவை நிலையத்தில் உங்கள் காணி பதிவாகியிருக்கிறதா என்பதை விதைப்புக்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் செலவாகும் இந்நாளில் அது மட்டும் போதாது என்பதால்தான் தனியாரிடம் போக வேண்டியிருக்கிறது.

சேவையைப் பொறுத்தவரை, முகவரான தம்பி எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், தொலைபேசியை எடுப்பார். குறை அவரிடத்தில் இல்லை. முதல் ஆறு ஆண்டுகளாக எங்களுக்குத் தந்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் வயலில் சிரித்துக்கொண்டு நிற்கும் கமக்காரரின் படம் இருந்தது. மில்லிமீற்றர் அட்டவணை இல்லை. அட்டவணை ஆங்கில ஒப்பந்தத்தில் மட்டுமே இருந்தது. மூன்று முறை எழுத்தில் கேட்ட பின், 2023இல் தமிழில் தந்தார்கள். தமிழில் அதை வாசித்த அன்றுதான் எங்கள் அமைப்பில் பலருக்குத் தாங்கள் எதை வாங்கியிருக்கிறோம் என்பது விளங்கியது. பணம் வாங்கும்போது தமிழ், நிபந்தனை சொல்லும்போது ஆங்கிலம் என்ற வழக்கம் எந்த நிறுவனத்துக்கும் அழகன்று.

2025 நவம்பரில் மூன்றாவது குறை வெளிப்பட்டது. 28ஆம் திகதி கரையைக் கடந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த இழப்பின் முன் நெற்பயிரைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் மதிப்பீட்டுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். என் வயலின் பள்ளமான ஏக்கரில் ஆறு நாட்கள் நீர் நின்று பயிர் அழுகியது. புயல் வந்தது இரண்டாம் காலத்தில். மிகை மழைக்கான காப்பு மூன்றாம் காலத்துக்கு மட்டுமே உண்டு. பெருமழை தைக்கு அண்மையில்தான் ஆபத்து என்று பழைய பதிவுகள் சொன்னபடி வகுத்த ஒழுங்கு அது.

இவற்றைத் திருத்த முடியாது என்று நான் நம்பவில்லை. மொத்த மழையோடு, தொடர்ந்து மழையில்லாத நாட்களையும் எண்ணினால் மும்மாரிக் குறை தீரும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, இருக்கிற நாளாந்தப் பதிவே போதும். இரணைமடு வான்கதவு திறக்கும் அளவை ஒரு சுட்டெண்ணாகச் சேர்த்தால் ஆற்றோர வயல்களுக்கு வெள்ளக் காப்பு கிடைக்கும். கென்யாவின் மார்சபிற் பகுதியில் 2010இலிருந்து, மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செய்மதியால் அளந்து கால்நடை வளர்ப்போருக்குப் பணம் கொடுக்கிறார்கள். மழைமானி தொலைவில் இருக்கும் எங்களைப் போன்ற இடங்களுக்கு அந்த வழி பொருந்தும். நானே வேலிக்கம்பத்தில் ஒரு சிறிய மழைமானியைக் கட்டி, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து, பயிற்சிக் கொப்பியில் மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறேன். கிளையில் காட்டியபோது, இதை ஏற்க முடியாது என்றாலும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன் என்று அந்தப் பிள்ளை பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்.

என் முடிவு இது. மேட்டு நில மானாவாரிக்காரர்கள் இதை வறட்சிக்கான காப்பு என்று மட்டும் எண்ணி வாங்கலாம்; 2017இல் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று அந்த வகையில் நம்புகிறேன். ஆற்றோரத்திலும் குளத்தின் கீழும் செய்பவர்கள் இதை வெள்ளத்துக்கென்று வாங்கினால் ஏமாறுவார்கள். வரும் காலபோகத்துக்கு நான் மேட்டுப்பக்கத்து ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் கட்டுவேன். பள்ளத்துக்குரிய பணத்தை வரம்பு உயர்த்தவும் வடிகால் வெட்டவும் வைத்திருக்கிறேன். கட்டுப்பணம் செலுத்தும் கடைசித் திகதி மழை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு போனால் வாங்கமாட்டார்கள். போகும்போது தேசிய அடையாள அட்டை, கமநல சேவை நிலையப் பதிவு, வங்கிப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன், உங்கள் ஒப்பந்தத்துக்குரிய மழைமானி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பெயரையும் தமிழ் அட்டவணையையும் கிளை முத்திரையுடன் வாங்கிக்கொள்ளுங்கள்.